பூட்டு எப்போது பிறந்தது, எப்போது இறந்தது: மியூடெக்ஸ் பிழைகளை அறிகுறியிலிருந்து பிடிப்பது

பல த்ரெட்கள் (ஒரே நிரலுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் வேலை இழைகள்) ஓடும் நிரலில் மியூடெக்ஸ் என்ற பூட்டு, ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் உள்ளே விட்டு, தரவைக் காக்கிறது. அந்த மியூடெக்ஸைக் காப்பது யார்? அதைத் தொடங்கும் வரியும் அழிக்கும் வரியும் எந்தப் பூட்டுக்குள்ளும் இல்லை. பூட்டும் இடத்தையும் விடுவிக்கும் இடத்தையும் பத்து முறை சரிபார்க்கிறோம். இந்த இரண்டு வரிகளை மட்டும் சடங்குபோல எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். நான் பார்த்த மிக விசித்திரமான கோளாறுகளில் பாதி இங்கிருந்துதான் வந்திருக்கின்றன.

சி, சி++ நிரல்களையும் லினக்ஸின் அடிப்படை சி நூலகமான ஜிலிப்சியையும் மனதில் வைத்து எழுதுகிறேன். விண்டோஸும் மேக்கும் வேறுபடும் இடத்தில் சொல்லிவிடுகிறேன். இன்னொன்று: தமிழில் 'லாக்' என்று எழுதினால் அது பூட்டா, பதிவேடா என்று தெரியாது. இங்கே எல்லா இடத்திலும் பூட்டுதான்.

எந்த அறிகுறியானாலும் முதலில் இது

நிரல் தொங்கி நிற்கிறதென்றால் அதைக் கொன்றுவிடாதீர்கள். ஜி.டி.பி. என்ற பிழைதேடும் கருவியை இணைத்து, எல்லா த்ரெட்களின் அழைப்புத் தடத்தையும் எடுத்துவையுங்கள். பிறகு சிக்கியிருக்கும் மியூடெக்ஸை அச்சிட்டுப் பாருங்கள். ஜிலிப்சியில் இப்படி ஒன்று கிடைக்கும்:

லாக் = 2, ஓனர் = 4127, யூசர்கள் = 1, கைண்ட் = 0

லாக் 0 என்றால் பூட்டு காலியாக இருக்கிறது. 1 என்றால் ஒருவர் பிடித்திருக்கிறார். 2 என்றால் பிடித்திருப்பவருக்குப் பின்னால் யாராவது காத்திருக்கக்கூடும். ஓனர் என்பது பூட்டைப் பிடித்திருக்கும் த்ரெட்டின் கெர்னல் எண். ஜி.டி.பி. தரும் த்ரெட் பட்டியலில் அந்த எண் இருக்கிறதா என்று தேடுங்கள்.

பட்டியலில் இருந்தால், அந்த த்ரெட் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் வழக்கமான டெட்லாக், ஒருவருக்காக ஒருவர் காத்து நிற்பது; இந்தக் கட்டுரையின் எல்லைக்கு வெளியே. பட்டியலில் இல்லாவிட்டால், பூட்டைப் பிடித்தபடியே ஒரு த்ரெட் முடிந்துபோயிருக்கிறது, அல்லது நீங்கள் நிற்பது ஃபோர்க் செய்த (தாயிலிருந்து நகலாகப் பிரிந்த) குழந்தைச் செயல்முறையில். கைண்ட் -1 என்றால் யாரோ அதை ஏற்கெனவே அழித்துவிட்டார்கள். ஜிலிப்சி அழிக்கும்போது அந்த மதிப்பை எழுதிவைக்கிறது. நான்கு எண்களுமே அர்த்தமற்றவையாக இருந்தால், மியூடெக்ஸ் தொடங்கப்படவே இல்லை, அல்லது அது இருந்த நினைவகம் வேறு யாருக்கோ கொடுக்கப்பட்டுவிட்டது.

அறிகுறி: சோதனையில் ஓடுகிறது, சில மணி நேரம் கழித்துத் தொங்குகிறது, அல்லது பூட்டும் அழைப்பு 22 என்ற பிழை எண்ணைத் தருகிறது

தொடங்காத மியூடெக்ஸ். ஒரு ஸ்ட்ரக்டுக்குள் மியூடெக்ஸை வைத்து, நினைவகம் கேட்கும் மாலக் அழைப்பின் மூலம் இடம் எடுத்து, தொடங்கும் அழைப்பை மறந்திருப்பீர்கள்.

இது உடனே உடையாததற்குக் காரணம் இருக்கிறது. ஜிலிப்சியில் சாதாரண மியூடெக்ஸின் தொடக்க நிலை முழுவதும் பூஜ்யம். கெர்னலிடமிருந்து புதிதாக வரும் நினைவகமும் பூஜ்யம். ஆகவே நிரல் தொடங்கிய முதல் சில நிமிடங்களில், தொடங்காத மியூடெக்ஸும் தொடங்கிய மியூடெக்ஸும் பைட்டுக்கு பைட் ஒன்றாகவே இருக்கின்றன. ஹீப் (மாலக் இடம் எடுக்கும் நினைவகப் பகுதி) பழகிப்போன பிறகு, முன்பு யாரோ விட்டுச்சென்ற இடம் திரும்பக் கிடைக்கும்போதுதான் குப்பை தெரியவருகிறது. சோதனைகள் எல்லாமே அந்த முதல் சில நிமிடங்களுக்குள் முடிந்துவிடுகின்றன.

இதை வெளிக்கொணர எளிய வழி: மாலக் பெர்டர்ப் என்ற சூழல் மாறிக்கு 1 முதல் 254 வரை ஓர் எண்ணைக் கொடுத்து நிரலை ஓட்டுங்கள். பெயரின் கடைசியில் ஓர் அடிக்கோடு உண்டு, அதை விட்டுவிட்டால் எதுவும் நடக்காது. அதன்பின் மாலக் தரும் ஒவ்வொரு இடமும் குப்பையால் நிரப்பப்பட்டே வரும். மறைந்திருந்த பிழை முதல் நிமிடத்திலேயே வெடிக்கும். மேக்கில் அதுகூடத் தேவையில்லை. அங்கே சரியாகத் தொடங்கிய மியூடெக்ஸில் பூஜ்யமல்லாத ஓர் அடையாள எண் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பூட்டும் அழைப்பு 22 தந்துவிடும். லினக்ஸில் மாதக்கணக்கில் ஓடிய நிரல் மேக்கில் முதல் நாளே விழுந்தால் சந்தேகம் இங்கே போகட்டும்.

22 வருவதைவிடக் கொடுமையானது, அதை யாரும் பார்க்காதது. பூட்டும் அழைப்பின் விடையைச் சோதிக்கும் வழக்கம் நம்மில் அரிது. பூட்டு கிடைக்காமலேயே நிரல் உள்ளே நுழைந்துவிடும். வெளியில் தெரிவது தரவுச் சிதைவு மட்டும். பூட்டும் அழைப்பைச் சுற்றி ஒரு சின்ன ஃபங்ஷன் எழுதி, விடை பூஜ்யமில்லையென்றால் நிரலை அங்கேயே நிறுத்திவிடுங்கள். பத்து வரி வேலை.

சி++ எழுதுபவர்கள் தப்பித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். உள்ளே மியூடெக்ஸ் இருக்கும் கிளாஸுக்கு மாலக்கில் இடம் எடுத்து, தொடக்க வேலையைச் செய்யும் கன்ஸ்ட்ரக்டரை ஓட்டாமல் பயன்படுத்தினால் இதே கதைதான்.

அறிகுறி: பூட்டு இருக்கிறது, ஆனாலும் இரண்டு த்ரெட்கள் ஒரே நேரத்தில் உள்ளே

இரண்டு த்ரெட்களிலும் மியூடெக்ஸின் முகவரியை அச்சிடுங்கள். முகவரிகள் வேறு என்றால், எங்கோ ஸ்ட்ரக்ட் முழுவதுமாக நகலெடுக்கப்பட்டிருக்கிறது. எக்ஸ்86-64 லினக்ஸில் மியூடெக்ஸ் என்பது 40 பைட். மெம்காப்பி அதை மற்ற 40 பைட்களைப் போலவே நகலெடுத்துவிடும். நகலைப் பூட்டினால் என்ன ஆகும் என்பதற்கு, த்ரெட்களுக்கான விதிகளைச் சொல்லும் போசிக்ஸ் தரநிலை எந்த உத்தரவாதமும் தருவதில்லை. சி++ மியூடெக்ஸை நகலெடுக்கக் கம்பைலர் விடாது. அந்தத் தொல்லையைத் தாங்கிக்கொள்ளுங்கள், நல்லதற்குத்தான்.

முகவரி ஒன்றுதான் என்றால், இருமுறை தொடங்கியிருக்கிறீர்கள். 'இன்னும் தொடங்கவில்லையென்றால் தொடங்கு' என்று ஒரு சாதாரணக் கொடியைப் பார்த்துவிட்டுச் செய்யும் வேலை இது. இரண்டு த்ரெட்கள் ஒரே கணத்தில் கொடியைப் பார்க்கின்றன, இரண்டுமே 'இல்லை' என்று படிக்கின்றன, முதல் த்ரெட் தொடங்கிப் பூட்டியும்விடுகிறது; இரண்டாவது வந்து எல்லாவற்றையும் பூஜ்யமாக்கிவிட்டுத் தானும் பூட்டுகிறது. இதற்கிடையில் மூன்றாவதாக ஒன்று பழைய பூட்டுக்காகத் தூங்கப் போயிருந்தால், எழுப்புவதற்கு ஆள் இல்லாமல் போகலாம். லாக் 0 என்று காட்டும்போதும் ஒரு த்ரெட் தூங்கிக்கொண்டே இருந்தால் அதுதான் தடயம்.

தீர்வுக்குப் புத்திசாலித்தனம் தேவையில்லை. குளோபல் மியூடெக்ஸ் என்றால் நிலையான தொடக்க மதிப்பை அறிவிப்பிலேயே எழுதுங்கள். ஓடும்போதுதான் தொடங்க முடியும் என்றால் பி-த்ரெட் ஒன்ஸ், ஒரு வேலையை ஒரே முறை ஓட்டும் அழைப்பு. சி++ இல் கால் ஒன்ஸ், அல்லது ஃபங்ஷனுக்குள் ஒரு ஸ்டாட்டிக் மாறி. சி++11 முதல் அதன் தொடக்கம் ஒரே ஒருமுறைதான் நடக்கும் என்பதை மொழியே உறுதி செய்கிறது. சாதாரணக் கொடியைக் கையால் பார்க்கும் வேலையை விட்டுவிடுங்கள்.

அறிகுறி: அழிக்கும் அழைப்பு 16 தருகிறது

பூட்டியிருக்கும்போதே அழிக்க முயல்கிறீர்கள். தரநிலைப்படி இதன் விளைவு வரையறுக்கப்படாதது. ஜிலிப்சி கருணையோடு 'பிஸி' என்று சொல்கிறது. அந்தக் கருணையை நம்பி, பூஜ்யம் வரும்வரை அழிக்கும் அழைப்பைச் சுழற்சியில் போட்டிருப்பதை ஒரு நிரலில் பார்த்தேன். இந்த நொடி பூட்டியிருக்கவில்லை என்பது, அடுத்த நொடி யாரும் பூட்ட வரமாட்டார்கள் என்பதற்குச் சான்றாகாது. யார் வரக்கூடும் என்று பட்டியலிடுங்கள். அந்த த்ரெட்களுக்கெல்லாம் ஜாயின் செய்த (அவை முடியும்வரை காத்திருந்த) பிறகு அழியுங்கள்.

அறிகுறி: மிக அரிதாக, நோட்டிஃபை அல்லது சிக்னல் செய்யும் வரியில் நிரல் விழுகிறது

இதுதான் என் தூக்கத்தை அதிகம் கெடுத்தது. ஆயிரம் முறை ஓட்டினால் ஒருமுறை வரும். வரும்போது அழைப்புத் தடம் கண்டிஷன் வேரியபிளின் (த்ரெட்கள் ஒரு நிலைக்காகத் தூங்கவும், நோட்டிஃபை செய்து எழுப்பப்படவும் உதவும் பொருள்) உட்புறத்தில் நிற்கும். பார்ப்பவர் நூலகத்தைக் குறை சொல்வார்.

காட்சி இப்படி. ஒரு ஃபங்ஷன் ஒரு வேலையை வேறொரு த்ரெட்டிடம் கொடுத்துவிட்டு, அது முடியும்வரை காத்திருக்கிறது. மியூடெக்ஸ், கண்டிஷன் வேரியபிள், 'முடிந்தது' என்ற கொடி மூன்றும் காத்திருக்கும் ஃபங்ஷனின் ஸ்டாக்கில் இருக்கின்றன. வேலை செய்யும் த்ரெட் முடிவில் நான்கு வரிகளை ஓட்டுகிறது: பூட்டு, கொடியை உயர்த்து, விடுவி, நோட்டிஃபை செய்.

மூன்றாவது வரிக்கும் நான்காவது வரிக்கும் இடையே கெர்னல் அந்த த்ரெட்டை ஓரமாக நிறுத்துகிறது என்று வையுங்கள். காத்திருக்க வேண்டிய த்ரெட் அப்போதுதான் வந்து சேர்கிறது. பூட்டு காலி. எடுக்கிறது, கொடி உயர்ந்திருப்பதைப் பார்க்கிறது, தூங்கவே தேவையில்லை, விடுவித்துவிட்டு ஃபங்ஷனிலிருந்து திரும்புகிறது. ஸ்டாக் சட்டகம் போனது; கண்டிஷன் வேரியபிளும் போனது. நிறுத்தப்பட்ட த்ரெட் இப்போது விழித்து நான்காவது வரியை ஓட்டுகிறது, இல்லாத பொருளின்மீது. அந்த இடத்தில் இப்போது வேறு ஃபங்ஷனின் மாறிகள் இருக்கின்றன. விழுந்தால் அதிர்ஷ்டம். விழாமல் அந்த மாறிகளில் ஒன்றை மாற்றிவிட்டால், பிழையை மைல்கள் தள்ளித் தேட வேண்டியிருக்கும்.

காத்திருப்பவர் ஏற்கெனவே தூங்கியிருந்தாலும் இதே ஆபத்து உண்டு. கண்டிஷன் வேரியபிளில் காரணமின்றி விழிப்பது அனுமதிக்கப்பட்ட நடத்தை. அப்படி விழித்தவர் கொடியைப் பார்த்துவிட்டுப் போய்விடலாம்.

தீர்வு, வரிகளை இடம் மாற்றுவது: பூட்டு, கொடியை உயர்த்து, நோட்டிஃபை செய், விடுவி. காத்திருப்பவர் கொடியைப் பார்க்கப் பூட்டு வேண்டும். பூட்டு கிடைக்கும்போது நோட்டிஃபை முடிந்திருக்கும். 'விடுவித்தபின் நோட்டிஃபை செய்தால் வேகம்' என்ற அறிவுரை எங்கும் உலவுகிறது. பொருள் இரண்டு த்ரெட்களைவிடவும் நீண்ட காலம் வாழும் என்றால் அது சரி. வாழுமா என்று உறுதியில்லாத இடத்தில் அந்தச் சில மைக்ரோ நொடிகளை நான் மனமாரக் கொடுத்துவிடுவேன். பொருளைப் பகிர்வுச் சுட்டியில் (கடைசிப் பிரதி போகும்போதுதான் பொருளை அழிக்கும் சுட்டி) வைத்து, இரண்டு த்ரெட்களிடமும் ஒவ்வொரு பிரதி கொடுப்பது இன்னொரு வழி.

கூர்ந்து படிப்பவர் இங்கே ஒரு கேள்வி கேட்பார். கடைசி வரி 'விடுவி' என்றால், அந்த அழைப்புக்குள் இருக்கும்போதே மற்றவர் பூட்டைப் பெற்று, முடித்து, மியூடெக்ஸையே அழித்துவிடலாமே? பி-த்ரெட் மியூடெக்ஸில் இதற்கு அனுமதி உண்டு. விடுவிக்கப்பட்ட மியூடெக்ஸை, இனி யாரும் பூட்ட வரமாட்டார்கள் என்றால், உடனே அழிக்கலாம் என்று போசிக்ஸ் சொல்கிறது. அதைத் தாங்கும்படி எழுதுவது நூலகத்தின் பொறுப்பு. லினக்ஸ் கெர்னலுக்குள் இருக்கும் மியூடெக்ஸ் வேறு. அதை விடுவிக்கும் ஃபங்ஷன், பூட்டை விட்ட பிறகும் அந்தப் பொருளைத் தொடக்கூடும் என்று கெர்னல் ஆவணமே எச்சரிக்கிறது. அங்கே இந்தத் தேவைக்குக் கம்ப்ளீஷன் என்ற தனிக் கருவி இருக்கிறது. சி++20 இன் அட்டாமிக் மாறியில் (பூட்டின்றியே த்ரெட்கள் பாதுகாப்பாகப் பகிரும் மாறி) மதிப்பை எழுதிவிட்டு அடுத்த வரியில் நோட்டிஃபை செய்பவர்களும் மேலே சொன்ன பள்ளத்தில்தான் நிற்கிறார்கள். அங்கே ஒளிந்துகொள்ள ஒரு பூட்டுகூட இல்லை.

அறிகுறி: நினைவகப் பிழை பிடிக்கும் கருவியான அட்ரஸ் சானிடைசர், 'விடுவித்த ஹீப் இடம் பயன்படுத்தப்பட்டது' என்கிறது, இடம் அன்லாக்

அடைப்பு மூடும்போது தானே விடுவிக்கும் லாக் கார்டு போட்டு ஒரு பொருளின் மியூடெக்ஸைப் பூட்டியிருக்கிறீர்கள். பொருளைப் பயன்படுத்துவோர் எண்ணிக்கை பூஜ்யமானதும் அதே அடைப்புக்குள் அந்தப் பொருளை டிலீட் செய்கிறீர்கள். அடைப்பு மூடும்போது கார்டு, இல்லாத மியூடெக்ஸை விடுவிக்கப் போகிறது. எண்ணிக்கையின் முடிவை வெளியே உள்ள ஒரு மாறியில் எடுத்துக்கொண்டு, அடைப்பை மூடி, பிறகு டிலீட் செய்யுங்கள்.

அறிகுறி: கண்டிஷன் வேரியபிளை அழிக்கும் இடத்திலேயே நிரல் உறைந்துவிடுகிறது

பழைய கணினியில் ஓடியது, புதியதில் நிரல் முடியும்போது தொங்குகிறது என்றால் ஜிலிப்சியின் பதிப்பைப் பாருங்கள். 2017 இல் வந்த 2.25 பதிப்பில் கண்டிஷன் வேரியபிளின் உள்ளமைப்பு புதிதாக எழுதப்பட்டது. உள்ளே காத்திருப்பவர்கள் கணக்கு பூஜ்யமாகும்வரை அழிக்கும் அழைப்பு திரும்பாது. யாரையும் எழுப்பாமல் அழித்தால் அது என்றென்றைக்கும் காத்திருக்கும். முன்பு சத்தமில்லாமல் கடந்துபோன அதே தவறுதான். இப்போது முகத்தைக் காட்டுகிறது.

வரிசை: 'நிறுத்து' கொடியைப் பூட்டுக்குள் உயர்த்துங்கள், எல்லாரையும் எழுப்புங்கள், எல்லாருக்கும் ஜாயின் செய்யுங்கள், பிறகு அழியுங்கள். ஃபோர்க் செய்த குழந்தையில் இது நடந்தால் ஜாயின் செய்ய ஆளே இருக்காது. தாய்ச் செயல்முறையின் த்ரெட்கள் காத்திருந்ததாகக் கணக்கு மட்டும் நகலாகியிருக்கும், த்ரெட்கள் வந்து சேர்ந்திருக்காது. அங்கே அழிக்காமல் விடுவதே சரி.

அறிகுறி: எல்லா வேலையும் முடிந்து, வெளியேறும்போது விழுகிறது

மெயின் திரும்பியதும் குளோபல் பொருள்களின் டெஸ்ட்ரக்டர்கள் (அழிக்கும் ஃபங்ஷன்கள்) ஓடத் தொடங்குகின்றன. டிடாச் செய்யப்பட்ட (யாரும் ஜாயின் செய்யாதபடி தனியே விடப்பட்ட) த்ரெட்களுக்கு அந்தச் செய்தி போவதில்லை. நான் எழுதிய ஒரு பதிவேட்டுப் பகுதியில், பின்னணி த்ரெட் ஒன்று வரிகளைக் கோப்பில் எழுதிக்கொண்டிருந்தது. வரிசையும் கண்டிஷன் வேரியபிளும் குளோபல். நூறில் ஓரிரு முறை, எல்லாம் சரியாக முடிந்த பிறகு நிரல் விழும். வேலை முடிந்துவிட்டதால் யாருக்கும் அக்கறையில்லை, எனக்கும்தான். அந்த விழுகையில் பதிவேட்டின் கடைசி வரிகள் காணாமல் போகின்றன என்று தெரிந்த நாளில்தான் உட்கார்ந்து பார்த்தேன். டிடாச் என்ற ஒற்றை அழைப்பை நீக்கி, முடிவில் ஜாயின் சேர்த்ததும் தீர்ந்தது. டிடாச் வேண்டும் என்று யாராவது சொன்னால், ஏன் என்று இப்போதெல்லாம் இரண்டு முறை கேட்கிறேன்.

டிடாச் தவிர்க்கவே முடியாத இடத்தில், குளோபல் பூட்டை நியூ மூலம் உருவாக்கி, டிலீட் செய்யாமலேயே விட்டுவிடுவது கௌரவமான தீர்வு. செயல்முறை முடியும்போது கெர்னல் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளும்.

ஒரு கிளாஸுக்குள்ளேயே த்ரெட்டும் மியூடெக்ஸும் உறுப்புகளாக இருந்தால், அறிவித்த வரிசையைப் பாருங்கள். உறுப்புகள் அறிவித்த வரிசைக்குத் தலைகீழாக அழிகின்றன. அழியும்போது தானே ஜாயின் செய்யும் சி++20 இன் ஜே-த்ரெட்டை மேலே அறிவித்து மியூடெக்ஸைக் கீழே அறிவித்தால், முதலில் மியூடெக்ஸ் போகும், பிறகுதான் ஜாயின் நடக்கும். த்ரெட் கடைசி உறுப்பாக இருக்கட்டும். பழைய ஸ்டட் த்ரெட் என்றால் அதன் டெஸ்ட்ரக்டர் ஜாயின் செய்யாது. ஜாயின் செய்யாமல் விட்டால் நிரலையே நிறுத்திவிடும். 'செயலில் உள்ள எக்செப்ஷன் இன்றி டெர்மினேட் அழைக்கப்பட்டது' என்ற பொருளில் ஆங்கிலச் செய்தி வந்தால் அதுதான். 'ப்யூர் வர்ச்சுவல்' என்று முனகிவிட்டு விழுந்தால், ஜாயின் அடிப்படை கிளாஸின் டெஸ்ட்ரக்டரில் இருக்கிறது. அதற்குள் வழிவந்த கிளாஸ் அழிந்துவிட்டது. த்ரெட் இன்னும் அதன் ஃபங்ஷனை அழைத்துக்கொண்டிருக்கிறது. ஜாயினை வழிவந்த கிளாஸுக்கு நகர்த்துங்கள்.

விண்டோஸில் கூடுதலாக ஒன்று: டி.எல்.எல். (பகிர் நூலகக் கோப்பு) ஏறும்போதும் இறங்கும்போதும் ஓடும் டி.எல்.எல். மெயினுக்குள் த்ரெட்டுக்காகக் காத்திருக்காதீர்கள். அந்த நேரத்தில், நூலகங்களை ஏற்றும் லோடரின் பூட்டு உங்கள் கையில் இருக்கிறது; முடியப்போகும் த்ரெட்டுக்கும் அதே பூட்டு வேண்டும்.

அறிகுறி: விண்டோஸில், உங்கள் கணினியில் ஓடுகிறது, வேறொன்றில் முதல் பூட்டிலேயே விழுகிறது

நிரலில் பிழை இல்லாமலும் இருக்கலாம். விஷுவல் ஸ்டுடியோ 2022 இன் 17.10 பதிப்பில், சி++ மியூடெக்ஸின் கன்ஸ்ட்ரக்டர் கம்பைல் நேரத்திலேயே முடியும்படி மாற்றப்பட்டது. அதில் கம்பைல் செய்த நிரல் பழைய ரன்டைம் டி.எல்.எல்.லைப் பிடித்துக்கொண்டால், தொடங்கியதாக இரு தரப்பும் நினைப்பது வெவ்வேறாகிவிடும். அந்தக் கணினியில் ரன்டைமைப் புதுப்பியுங்கள். நிரலின் கோப்புறைக்குள்ளேயே யாராவது பழைய டி.எல்.எல்.லை நகலெடுத்து வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள், பெரும்பாலும் வைத்திருப்பார்கள்.

அறிகுறி: கருவியை இயக்கினால் பிழை வருவதே இல்லை

த்ரெட் பிழைகளைத் தேடும் கருவியான த்ரெட் சானிடைசர், பூட்டிய மியூடெக்ஸை அழிப்பதையும், அழித்ததைப் பூட்டுவதையும் நேரடியாகப் பெயர் சொல்லிக் காட்டும். ஆனால் நிரல் சுமார் 5 முதல் 15 மடங்கு மெதுவாகும். அந்த மெதுவில் த்ரெட்கள் சந்திக்கும் நேரம் மாறி, பிழை ஒளிந்துகொள்ளலாம். வால்கிரைண்டின் ஹெல்கிரைண்ட் என்ற கருவிக்கும் இதே குணம் உண்டு.

அப்போது நீங்களே இடைவெளியை அகலப்படுத்துங்கள். சந்தேகப்படும் இரண்டு வரிகளுக்கு இடையே, உதாரணமாக விடுவிப்பதற்கும் நோட்டிஃபைக்கும் நடுவில், 100 மில்லி நொடித் தூக்கம் ஒன்றைச் செருகுங்கள். ஆயிரத்தில் ஒருமுறை வந்த பிழை ஒவ்வொரு முறையும் வரும். வராவிட்டால் உங்கள் ஊகம் தவறு; தூக்கத்தை அடுத்த இடைவெளிக்கு நகர்த்துங்கள். வரிசையை மாற்றிய பிறகும் தூக்கத்தை எடுக்காமல் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அதைத் தாங்கினால் பிழை போயிற்று. பிறகு தூக்கத்தை எடுத்துவிடுங்கள்; எடுக்க மறந்த ஒரு தூக்கம், இரண்டு ஆண்டுகள் கழித்து, 'இதை நீக்கினால் நிரல் விழும்' என்ற குறிப்போடு இன்னொருவர் கையில் கிடைப்பதைப் பார்த்திருக்கிறேன்.